முதல் வரியில் எழுதிய ஐம்பதாயிரம்

ஆகஸ்ட் 6, புதன்

மேகமூட்டம். மழை இல்லை, காற்று மட்டும். காயப்போட்டதில் இரண்டு உருப்படி காணோம். ஒன்று பக்கத்து வீட்டு மாடியில் கிடைத்தது. இன்னொன்று அவர்கள் கொடியிலேயே கிளிப் போட்டுக் காய்கிறது. கேட்கவில்லை. கேட்டால் "அட, உங்களுதுங்களா" என்பார்கள்.

இது மருந்துக்கடையில் கொடுத்த போன வருஷத்து டைரி. கிழமை ஒத்துப்போகாது, அடித்துவிட்டு எழுதுகிறேன். என்ன நடந்தாலும் தேதி போட்டுக் குறித்து வையுங்கள் என்று வக்கீலம்மா சொன்னார். எழுதி அரிசி டப்பாவுக்குள் வைக்கப்போகிறேன். இந்த வீட்டில் அதைத் திறக்கிற ஆள் நான் ஒருத்திதான்.

நோட்டீஸ் இன்று பதிவுத் தபாலில் போயிற்று. விஷயம் இதுதான்:

- கு.வே. பம்ப் கம்பெனி முதலாளி. முழுப் பெயர் குழந்தைவேலு. (பெயரை எழுதக்கூடாது என்றிருந்தேன். முதல் பக்கத்திலேயே எழுதித் தொலைத்துவிட்டேன்.)
- எங்கள் லேத் பட்டறையில் அவருக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுத்த கூலி, எட்டு மாதத்துக்கு, ரூ. 3,60,000.
- அதற்கு மே 10 தேதியிட்டு ஒரு செக். "ஆடி கழியட்டுங்க அம்மணி, ஆவணி பொறந்ததும் பேங்க்ல போட்டுக்குங்க" என்றார்.
- செக்குக்கு ஆயுசு மூன்று மாதம். ஆவணி பிறக்கும்போது அது வெறும் காகிதம். எனக்கு எண்ணத் தெரியாது என்று நினைத்துவிட்டார்.
- நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். எங்களுக்கு ஆடியும் இல்லை, அமாவாசையும் இல்லை. ஜூலை 21 போட்டேன். 23 திரும்பி வந்தது. கணக்கில் போதிய பணம் இல்லையாம்.

பட்டறை லைசென்ஸ் என் பெயரில். செக்கும் என் பெயரில். கேஸும் என் பெயரில்தான் வரும். இவர் (என் வீட்டுக்காரர் ஞானப்பிரகாசம்) நோட்டீஸைப் படித்துப் பார்த்துவிட்டு, "இன்னொருக்கா நேர்ல போய்க் கேட்டிருக்கலாம்" என்றார். நான்கு தடவை போனேன். நான்கு தடவையும் காப்பி கொடுத்தார்கள். காப்பி குடித்த வாயால் பணம் கேட்க வராது என்று கு.வே.வுக்குத் தெரியும்.

வக்கீலம்மா கணக்கு: நோட்டீஸ் அவர் கையில் சேர்ந்ததிலிருந்து பதினைந்து நாள். அதற்குள் கொடுக்கவில்லை என்றால் ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். ஜெயித்தால் செக் தொகை மட்டுமல்ல, அதைப்போல இரண்டு மடங்குவரை அபராதம் போடலாம், அதிலிருந்து நஷ்டஈடு வரும். கேஸ் நடக்கும்போதே ஐந்தில் ஒரு பங்கை இடைக்கால நஷ்டஈடாகக் கட்டச் சொல்லவும் ஜட்ஜுக்கு அதிகாரம் உண்டாம். ஐந்தில் ஒரு பங்கு வந்தாலே போதும். வீட்டுக் கடன் இரண்டு தவணை நிற்கிறது. மூன்றாவதும் நின்றால் பேங்கிலிருந்து எங்களுக்கு நோட்டீஸ் வரும். குடிவந்து மூன்று மாதம்கூட ஆகாத வீடு.

வாங்க வேண்டியது: துவரம்பருப்பு, கிளிப், லேத்துக்குக் கூலன்ட் ஆயில்.

ஆகஸ்ட் 11, திங்கள்

வெயில். நோட்டீஸ் சேர்ந்ததற்கான அட்டை இன்னும் வரவில்லை. தபால்காரரை மறித்துக் கேட்டேன். "வரும்போது வருமுங்க" என்றார். அவர் சட்டைப் பையில் புதுப் பேனா. கு.வே. கம்பெனி பெயர் போட்ட பேனா மாதிரி இருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். ஏதோ ஜவுளிக்கடைப் பேனா.

இவர் சரியாகப் பேசுவதில்லை. நேற்று கு.வே. டிரைவரோடு டீ குடித்தாராம். மளிகைக்கடையில் சொன்னார்கள். நான் கேட்கும்வரை இவர் சொல்லவில்லை. கேட்டபின், "டீ குடிச்சா கேஸ் தோத்துருமா?" தோற்காது. ஆனால் ஏன் சொல்லவில்லை?

சாயங்காலம் அட்டை வந்துவிட்டது. கு.வே. கையெழுத்து. 8ஆம் தேதி. அப்படியானால் கெடு 23. கையெழுத்து செக்கில் போட்டது மாதிரியே இருக்கிறதா என்று சன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். இருக்கிறது.

ஆகஸ்ட் 18, திங்கள்

காலையில் நல்ல மழை. பட்டறையில் ஒழுகல். வாளி வைத்தோம்.

கு.வே. வக்கீலிடமிருந்து பதில் நோட்டீஸ். மூன்று பக்கம். இரண்டு பக்கம் வெறும் நீட்டல். மூன்றாம் பக்கத்தில் விஷம்.

"எமது கட்சிக்காரர் மே மாதம் 25ஆம் தேதி தங்கள் கட்சிக்காரரின் இல்லத்தில் வைத்து, சாட்சிகள் முன்னிலையில், மேற்படி கடனில் ஒரு பகுதியாக ரூ. 50,000 ரொக்கமாகச் செலுத்தியுள்ளார். அதை மறைத்து முழுத் தொகைக்கும் காசோலையைச் சமர்ப்பித்தது சட்டவிரோதம்."

தேதியை இன்னொரு தடவை படித்தேன். மே 25 எங்கள் புது வீட்டுப் பிரதிஷ்டை. பாஸ்டர் ஜெபம் பண்ணி முடித்துப் பந்தி நடந்துகொண்டிருந்தபோது கு.வே. கார் வந்து நின்றது. இவர் கையில் சாம்பார் வாளியோடு ஓடினார். இவருடைய அப்பா கு.வே. அப்பாவின் தோட்டத்தில் முப்பது வருஷம் மண்வெட்டி பிடித்தவர். அந்த வீட்டு ஆள் எங்கள் வாசல் ஏறி வந்தது அதுதான் முதல் தடவை. வந்தார், எங்கள் இலையில் உட்கார்ந்தார், இரண்டாம் தரம் ரசம் கேட்டு வாங்கினார். "வீடு நல்லா அமைஞ்சிருக்குதுங்க ஞானப்பிரகாசம்" என்றார். அதுவரை "ஏப்பா ஞானம்" தான். இவர் முகத்தை அன்றைக்குப் போல் நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

போகும்போது மொய் மேசையில் ஒரு கவர் வைத்தார். நோட்டு எழுதியது என் தம்பி சாமுவேல். பிரித்து எண்ணிவிட்டு, "அக்கா, அம்பதாயிரம்!" என்றான் பந்திக்கே கேட்கிறமாதிரி. சாமுவேல் அதற்குள் நாற்பது பேர் எழுதியிருந்தான். இவர் நோட்டைப் புரட்டி, முதல் பக்கத்தின் மேலே ‘கர்த்தர் துணை’க்குக் கீழே பாஸ்டர் பெயருக்காக விட்டிருந்த முதல் வரியில் கு.வே. பெயரை எழுதச் சொன்னார். பாஸ்டர் பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்தார்.

மொய்யைக் கடனில் கழித்துவிட்டார். எட்டு மாதக் கூலியைக் கொடுக்காதவர் ஐம்பதாயிரம் மொய் வைக்கிறாரே என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. எதையும் நம்பாதவள் என்று பெயர் வாங்கியவள் நான்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

துடியலூரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே கோர்ட்டுக்கு. வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினார். கழற்றினாலே கெட்ட சேதிதான்.

"அம்பதாயிரம் வாங்குனது நெஜமுங்களா?"

"மொய்யிங்க."

"செக் குடுத்தது மே 10. பணம் வந்தது மே 25. செக்குக்கு அப்புறம் கடன்ல ஒரு பகுதி வாங்கி, அதைச் செக்ல குறிக்காம முழுத் தொகைக்குப் போட்டா கேஸ் நிக்காதுங்க. அது கடனை அடைச்சதுன்னு ஆகிப்போச்சுன்னா நாம மொதல்ல இருந்து சிவில் சூட் போடோணும். வருசக்கணக்காகும்."

"யாராச்சும் பந்தியில வெச்சுக் கடனை அடைப்பாங்களாங்க?"

"அதைக் கூண்டுல நின்னு சொல்லுங்க. பைபிள்ல கை வெச்சு. மொய் நோட்டு இருக்குதில்ல? எடுத்துட்டு வாங்க."

சத்தியம் பண்ணவேண்டும் என்றதும் எனக்கே ஒரு சந்தேகம். அந்தக் கவர். மொய்க் கவர் என்றால் மஞ்சளாக இருக்கும், மூலையில் ஒற்றை ரூபாய் ஒட்டியிருக்கும். யாரும் மொத்தமாக நூறு, ஆயிரம் என்று வைப்பதில்லை. நூற்றி ஒன்று, ஆயிரத்து ஒன்று. அன்று வந்தது காக்கிக் கவர். முன்பெல்லாம் வாராவாரம் கூலி போட்டுக் கொடுப்பாரே, அதே கம்பெனிக் கவர். சாமுவேல்கூட, "ஒத்த ரூவா காணோமுங்க மாமா" என்றான். இவர்தான், "பெரிய மனுசங்க அதெல்லாம் பாப்பாங்களா, எழுதுடா" என்றார்.

எழுதியாயிற்று. 50,000. ஒன்று இல்லை.

ஆகஸ்ட் 20, புதன்

நோட்டைக் காணோம்.

பீரோவில் வீட்டுப் பத்திரத்தோடு வைத்தது. பத்திரம் இருக்கிறது. ரேஷன் கார்டு இருக்கிறது. கல்யாண ஆல்பத்தைக்கூட உதறிப் பார்த்தேன். இல்லை.

யார்? வீட்டுச் சாவி மூன்று பேரிடம். நான், இவர், சாமுவேல். சாமுவேல் போன வாரம் வந்தான், நான் சர்ச் மாதர் கூட்டத்துக்குப் போயிருந்தபோது. சாமுவேலிடம் புது பைக். செல்போன் கடைச் சம்பளத்தில் புது பைக்!

மத்தியானமே உக்கடம் போனேன். அவன் கடை வாசலில் வைத்தே கேட்டேன்.

"பைக்குக்குப் பணம் ஏதுடா?"

"தவணைங்க அக்கா."

"முன்பணம்?"

"எதுக்குங்க்கா இப்படிக் கேக்கறீங்க?"

"நோட்டை எங்கடா வெச்சே? அவிய எவ்வளவு குடுத்தாங்க?"

அவன் திரும்பினான். கடைக்குள் போய்க் கல்லாவிலிருந்து எங்கள் வீட்டுச் சாவியை எடுத்து வந்து என் உள்ளங்கையில் வைத்தான். "இது இனி உங்ககிட்டயே இருக்கட்டுமுங்க" என்றான். குரல் உடைந்துவிட்டது. நான் அதையும் நடிப்பு என்றுதான் நினைத்தேன். பஸ் ஏறின பிறகும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

வெயிலும் தூறலும் மாறி மாறி. கெடுவுக்கு இன்னும் ஒரு நாள்.

பதினொரு மணிக்கு வாசலில் கார். கு.வே. சம்சாரம் சரசக்கா! கூட அவர் தம்பி. கையில் தாம்பாளம், வெற்றிலைபாக்கு, பத்திரிகை. மகளுக்குக் கல்யாணம். செப்டம்பர் 4, மாப்பிள்ளை ஊர் பவானியில்.

தாம்பாளத்தைத் தொடாமல் நின்றேன். இது என்ன புது நாடகம்? தாம்பாளத்தை வாங்கினால் சமாதானம் ஆகிவிட்டது என்று நோட்டீஸ் விடுவார்களோ?

"ஏனுங் அம்மணி, குடும்பத்தோட வந்துபோடோணும். ஞானப்பிரகாசத்தையும் கூட்டியாங்க."

"உங்க ஊட்டுக்காரர் வல்லீங்களா?"

"அவருக்கு எங்கீங்க நேரம். நாங்க மொய் வெச்ச ஊடெல்லாம் என்ற நோட்டைப் பாத்து நானும் தம்பியுமா போய்ட்டிருக்கறமுங்க. ஒரூடும் உட்டுப்போகக் கூடாதில்லீங்க."

முகத்தை நன்றாகப் பார்த்தேன். செக் விஷயம் அவருக்குத் தெரியவே தெரியாது. வீட்டைச் சுற்றிப் பார்த்தார். அடுப்படிக்கு வந்து கிரைண்டர் எந்தக் கம்பெனி என்று கேட்டார். ஒரு டம்ளர் மோர் குடித்தார். இவ்வளவு நல்ல மனுசி கு.வே. வீட்டில் எப்படி?

போன பிறகு பத்திரிகையை முன்னும் பின்னும் படித்தேன். ‘அன்பளிப்பு தவிர்க்கவும்’ என்று இப்போது பலபேர் அடிக்கிறார்கள். இதில் அது இல்லை. அதை ஏன் தேடினேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆனாலும் பார்த்தேன்.

‘என்ற நோட்டு’ என்றார், அவர் தனியாக எழுதி வைத்தது. மொய் வெச்ச வீடெல்லாம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கெடு நேற்றோடு முடிந்தது. பணம் வரவில்லை. வருமென்று யார் நினைத்தது?

சர்ச்சில் மனம் ஒட்டவில்லை. சாமுவேல் நான்கு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தான், திரும்பவே இல்லை.

நோட்டு கிடைத்தது. பட்டறையில் பழைய கூலன்ட் டப்பாவைக் கவிழ்க்கப் போனேன். பின்னால் இருந்த டூல் பெட்டியில், வேஸ்ட் துணி சுற்றி, மேலே பிளாஸ்டிக் உறை போட்டு. அந்தப் பெட்டியின் சாவி இவருடைய அரைஞாணில் இருக்கும். இன்று குளிக்கும்போது கழற்றி வைத்திருந்தார், எடுத்துப்போய்த் திறந்தேன்.

கொண்டுபோய் முன்னால் வைத்தேன். கத்தினேன் என்றுதான் சொல்லவேண்டும். கு.வே. டிரைவரோடு டீ குடித்ததையும் இழுத்தேன். எவ்வளவுக்கு விலை போனீர்கள் என்று கேட்டுவிட்டேன். இருபத்து மூன்று வருஷத்தில் கேட்காத வார்த்தை.

இவர் கோபப்படவில்லை. நோட்டைத் தொடையில் வைத்துத் துடைத்தார்.

"நீயும் அந்த வக்கீலம்மாவுமா இதைக் கோர்ட்ல கொண்டுபோய் வெப்பீங்க. அங்க அவன் வக்கீல் இது மொய்யில்ல, கடனுன்னு சொல்லுவான். ஜட்ஜும் ஆமாம்பாரு. அம்மணி, எங்கப்பன் செத்தன்னிக்கு அந்த ஊட்டுல இருந்து ஒரு மாலை வல்ல. முப்பது வருசம் பண்ணையம் பாத்த மனுசன். நம்மூட்டுக்கு அவிய வந்து மொய் வெச்சாங்க, மொத வரியில எழுதச் சொன்னேன். அது ஒண்ணுதான் எனக்கு இருக்குது. பணம் போனாப் போகுது, அதைக் கடன்னு ஆக்கிப்போடாதீங்க."

 திருடன் என்று நினைத்தேன் இவரை. சாமுவேலையும். அழுகை வந்தது. அடுப்பில் கறி அடிப்பிடித்தது.

மாலை உக்கடத்துக்குத் தூக்குப் போசியில் பிரியாணி. நானே கொண்டுபோனேன். சாவியையும். சாமுவேல் பிரியாணியை வாங்கிக்கொண்டான். சாவியைக் கொஞ்ச நேரம் கழித்து வாங்கிக்கொண்டான்.

ஆகஸ்ட் 27, புதன்

பாத்திரம் கழுவும்போது அந்த யோசனை வந்தது. கையைத் துடைக்காமலே வக்கீலம்மாவுக்குப் போன்.

மொய் என்றால் திருப்பி வைக்கவேண்டும். கடனை அடைத்தது என்றால் யாராவது திருப்பிக் கொடுப்பார்களா? கு.வே. மகள் கல்யாணத்தில் நாங்கள் ஐம்பதாயிரம் திருப்பி மொய் வைத்து, அவர்கள் அதை வாங்கிக்கொண்டால்? இப்போதெல்லாம் மொய் மேசையில் கம்ப்யூட்டர், பிரிண்டர், ரசீது. பெயர், ஊர், தொகை, தேதி எல்லாம் அச்சில் வரும்.

 வக்கீலம்மா சிரித்தார்.

"புஸ்தகத்துல இல்லாத வழிங்க இது. ஜட்ஜ் என்ன சொல்லுவாரோ தெரியாது. ஆனா அவிய வாங்கிப்போட்டா, வெச்சது மொய்தான்னு அவியளே ஒத்துக்கிட்ட மாதிரி. வாங்கலேன்னா?"

"சம்பந்தி முன்னாடி வாங்கமாட்டேன்னு எப்படிங்க சொல்லுவாரு?"

"அம்பதாயிரம் போகுமுங்களே."

"மூணு லட்சத்து அறுபதாயிரம் நிக்குமில்லீங்க."

இன்னொன்றும் உண்டு, அதை அவரிடம் சொல்லவில்லை. அது மொய்யாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்தாயிற்று, கடனாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்தாயிற்று. முழுத் தொகையும் பாக்கி என்று பைபிளில் கை வைத்துச் சொன்னால் என் நாக்கு கூசாது.

செப்டம்பர் 1, திங்கள்

வளையல் நான்கும் அடகு. நகை மதிப்பீட்டாளர் உரசி உரசிப் பார்த்தார். என்னைவிடச் சந்தேகப்படுகிற மனிதரை இன்றுதான் பார்த்தேன்.

மஞ்சள் கவர் ஒன்று, ஒற்றை ரூபாய் ஒட்டியது: பத்து ரூபாய். ஒற்றை ரூபாயைச் சேர்த்துத்தான் பத்தா என்று கேட்டேன். கடைக்காரர் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

இவரிடம் முழுத் திட்டத்தையும் சொல்லிவிட்டேன். லேத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார். "அப்ப அது மொய்தான்னு ஆயிருமா?" என்றார். அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

செப்டம்பர் 4, வியாழன்

மேகம். காவிரிக்காற்று. விடியற்காலையில் கிளம்பி, சேலம் பஸ்ஸில் வந்து பவானியில் இறங்கினோம். வழி முழுக்கக் கைப்பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தேன். பக்கத்து சீட்டுக்காரி என்னைப் பார்த்துத் தன் பையை அணைத்துக்கொண்டாள்.

பெரிய மண்டபம். வாசலில் இரண்டு மொய் மேசை: ‘மாப்பிள்ளை வீடு’, ‘பெண் வீடு’. இவர் நேராக மாப்பிள்ளை வீட்டு மேசைக்குப் போகப் பார்த்தார். இழுத்துப் பிடித்தேன். அங்கே வைத்திருந்தால் என் வளையல் கதை அவ்வளவுதான்.

பெண் வீட்டு மேசையில் கம்ப்யூட்டரோடு ஒரு பெண். பக்கத்தில் சரசக்காவின் தம்பி, முன்னால் பழைய நீள நோட்டு. திருப்பி வைக்கிறவர்களை அதில் டிக் அடித்துக்கொண்டிருந்தார். கவரைக் கொடுத்தேன். அந்தப் பெண் எண்ணத் தொடங்கினாள்.

அப்போதுதான் கு.வே. பார்த்தார். பட்டு வேட்டியோடு வேகமாக வந்தார். கூடவே சம்பந்தியும் வந்துவிட்டார், யாரோ முக்கியமானவர்கள் என்று நினைத்து.

"வாங்க வாங்க. எதுக்குங்க அம்மணி இதெல்லாம்? சாப்புட்டுப்போட்டு அப்பறமா... ஏ கண்ணு, அதைத் திருப்பிக் குடு."

"இல்லீங்க, நீங்க எங்கூட்டு விசேசத்துக்கு வந்து வெச்சீங்க. நாங்க திருப்பி வெக்கோணுமில்லீங்க."

"அது வேறங்க."

"வேறன்னா என்னங்க?"

நான் மெதுவாகத்தான் கேட்டேன். ஆனால் சம்பந்தி கு.வே. முகத்தைப் பார்த்தார். கு.வே. வாயைத் திறந்தார். கூலிக்காரனுக்கு எட்டு மாதம் பாக்கி வைத்து அதில் ஒரு பங்கைக் கொடுத்தேன் என்று மகள் கல்யாண மண்டபத்தில் எந்தத் தகப்பன் சொல்வான்? ஏசிக்குக் கீழே நின்றுகொண்டு வேர்த்தது அவருக்கு.

அதற்குள் சரசக்காவின் தம்பி நோட்டில் விரல் வைத்துவிட்டார். சத்தமாகப் படித்தார்: "ஞானப்பிரகாசம், துடியலூரு, புது ஊடு. அம்பதாயிரத்து ஒண்ணு. செரியாப் போச்சுங்க மச்சான்." டிக்.

பிரிண்டர் கரகரவென்றது. ரசீது. பெயர், ஊர், தேதி, ரூ. 50,001. இவர் வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"சாப்புட்டுத்தானுங்க போகோணும்" என்றார் கு.வே. என்னைப் பார்க்காமல்.

சாப்பிட்டோம். நான் வேண்டாம் என்றேன், இவர் கேட்கவில்லை. இரண்டாம் தரம் ரசம் கேட்டு வாங்கினார், வேண்டுமென்றே. கை கழுவும் இடத்தில் சரசக்கா வந்து என் கையைப் பிடித்தார். கழுத்து நிறைய நகை, கண்ணில் ஈரம்.

"நெறஞ்ச மனசோட வந்தீங்க அம்மணி. அன்னிக்கு நானே வந்திருக்கோணும், காய்ச்சலுங்க. நான்தான் மஞ்சக் கவர்ல ஒத்த ரூவா ஒட்டி எங்கூட்டுக்காரருகிட்டக் குடுத்தனுப்புனேன். ஞானப்பிரகாசத்தோட அப்பன் நம்ம தோட்டத்துல ஒழச்ச ஒழைப்புக்கு இதுகூட வெக்கலீன்னா எப்படீன்னு சண்டை போட்டுத்தானுங்க வாங்குனேன்."

சிரித்தேன் என்று நினைக்கிறேன். என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை.

பஸ்ஸில் இவர் ரசீதைச் சட்டைப்பையிலிருந்து எடுப்பதும் பார்ப்பதும் வைப்பதும். பெருந்துறை தாண்டியதும் சொன்னார்: "பாத்தியா அம்மணி. அவிய நோட்டுலயே மொய்னுதான் இருக்குது. புது ஊடுன்னு எழுதி வெச்சிருக்குறாங்க."

"ஆமாங்க" என்றேன்.

செப்டம்பர் 6, சனி

வெயில். துணி எல்லாம் காய்ந்தது, ஒன்றும் பறக்கவில்லை.

புகாரில் கையெழுத்து போட்டாயிற்று. முழுத் தொகை 3,60,000, வட்டி, நஷ்டஈடு, இடைக்காலமாக ஐந்தில் ஒரு பங்கு. எங்கள் நோட்டு நகலும் ரசீதும் இணைப்பு. திங்கட்கிழமை கோர்ட்டில் சத்தியப் பிரமாணம். வக்கீலம்மா ரசீதை இரண்டு தடவை தடவிப் பார்த்தார். "அந்த ஒத்த ரூவாயை எப்படிங்க கணக்குல காட்டறது? அவர் வெச்சது அம்பதாயிரம், நீங்க வெச்சது ஒண்ணு சேர்த்தி" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

இரண்டு நாளாக அதுதான் ஓடுகிறது. சரசக்கா கொடுத்தனுப்பியது மஞ்சள் கவர், 50,001. எங்கள் மேசைக்கு வந்தது காக்கிக் கவர், 50,000. நடுவில் கு.வே. காரை எங்கேயோ நிறுத்தியிருக்கிறார். மடியில் வைத்து மஞ்சள் கவரைக் கிழித்து, ஒற்றை ரூபாயை எடுத்துவிட்டு, நோட்டுகளைக் கம்பெனிக் கவரில் மாற்றியிருக்கிறார். சம்சாரம் மொய்யாகக் கொடுத்ததை வழியிலேயே கடனாக்கிவிட்டு, அதற்குப் பிறகு வந்து எங்கள் இலையில் உட்கார்ந்து, "ஞானப்பிரகாசம்" என்றிருக்கிறார்.

அல்லது கவர் வழியில் கிழிந்திருக்கலாம். கிழியலாம். ஏன் கிழியக்கூடாது?

இவர் இன்று மொய் நோட்டை எடுத்து, முதல் வரிக்கு நேராகச் சிவப்புப் பேனாவில் ‘திருப்பி வைத்தாயிற்று’ என்று எழுதினார். மை காய ஊதினார். பிறகு அவர் அப்பா போட்டோவுக்குக் கீழே நோட்டைக் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுப் பீரோவில் வைத்தார். இப்போது பட்டறையில் பாட்டு. பல மாதத்துக்குப் பிறகு.

கவர் விஷயத்தை இவரிடம் சொல்லமாட்டேன். கோர்ட்டில் யாராவது கேட்டால்

லேத் நின்றுவிட்டது. செருப்புச் சத்தம். இங்கேதான் வருகிறார்.